நாய்க்கும் பூனைக்கும் இதய மாத்திரை: வீட்டில் கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நோய் இன்னதென்று டாக்டர் கண்டுபிடித்து, சீட்டும் எழுதிக் கொடுத்து, மாத்திரை வாங்கி வீட்டுக்கு வந்த பிறகு எழும் சந்தேகங்களுக்கான பக்கம் இது. இங்கே வரும் அளவுகள், உங்கள் சீட்டில் உள்ள எண்ணைச் சரிபார்க்க மட்டும். சீட்டில் வேறு எண் இருந்தால் டாக்டரிடம் காரணம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

சீட்டில் நாலு மருந்து இருக்கிறது. எது எதற்கு?

பொமரேனியன், பக், ஷிட்ஸு மாதிரியான சிறிய நாய்களுக்கு வயதாகும்போது இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னோக்கி ஒழுகும். டாபர்மேன், கிரேட் டேன் மாதிரியான பெரிய நாய்களில் இதயத் தசை தளர்ந்து அறைகள் ஊதிப்போகும். பூனைக்குப் பெரும்பாலும் நேர் எதிர்: தசை தடித்து, உள்ளே ரத்தம் நிரம்ப இடம் குறைந்துவிடும். மூன்றும் முடிவில் நுரையீரலில் நீர் கோப்பதில் போய் நிற்கலாம். ஆனால் மருந்து ஒன்றல்ல. அடுத்த வீட்டு நாயின் சீட்டை வாங்கிப் பார்த்துத் தொடங்கக் கூடாது என்பது இதனால்தான்.

பிமோபென்டான், இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டி ரத்தக் குழாய்களையும் விரிக்கும். லாசிக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் ஃபுரோசமைடு, தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்கும். எனாலாப்ரிலும் பெனாசெப்ரிலும், உப்பையும் நீரையும் உடல் பிடித்து வைத்துக்கொள்ளும் ஹார்மோன் வழியை அடைக்கும். ஸ்பைரோனோலாக்டோன் அதே வழியின் இன்னொரு படியில் வேலை செய்வதோடு பொட்டாசியத்தை வெளியேறவிடாமல் தடுக்கும். பூனையின் சீட்டில் குளோபிடோக்ரல் இருந்தால் அது ரத்தம் கட்டியாகாமல் இருக்க.

இதயத்தில் மர்மர் சத்தம் கேட்டது என்ற ஒரே காரணத்துக்காக மருந்து தொடங்குவதில்லை. எக்கோவும் (இதயத்தின் ஸ்கேன்) எக்ஸ்-ரேயும் எடுத்து, இதயம் பெரிதாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு. வால்வு நோயில் இதயம் பெரிதாகி, ஆனால் மூச்சிரைப்பு இன்னும் வராத நாய்களுக்கு பிமோபென்டான் கொடுத்தால் நோய் முற்றுவது சுமார் 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016-இல் வெளியான எபிக் ஆய்வு காட்டியது. இதயம் பெரிதாகாத நாய்க்கு அந்த முடிவு பொருந்தாது. சென்னையில் எக்கோ பார்க்கும் தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம்.

பிமோபென்டானைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பதா, பின்னாலா?

முன்னால். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். உணவோடு போனால் உடலில் சேரும் அளவு குறைகிறது. நாய்க்கு வழக்கமான அளவு, எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.25 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை. 5 கிலோ பொமரேனியன் என்றால் காலையில் 1.25 மி.கி., மாலையில் 1.25 மி.கி. காலை 6 மணிக்கு மாத்திரை, 7 மணிக்குச் சாப்பாடு, மாலையும் அப்படியே. மாத்திரையை ஒளித்துக் கொடுக்க நெல்லிக்காய் அளவு சிக்கன் துண்டு போனால் பாதகமில்லை. ஒரு கிண்ணம் தயிர்சாதத்துக்குள் புதைத்துக் கொடுப்பதுதான் பிரச்சினை.

வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும் நாய்களும் உண்டு. அப்போது டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் உணவோடு கொடுக்கலாம். வாந்தியில் முழு மாத்திரையும் வெளியே போவதைவிட அது மேல்.

பூனைக்கு பிமோபென்டான் எல்லா நிலையிலும் பொருந்தாது. தடித்த தசை, ரத்தம் வெளியேறும் வழியை அடைக்கும் பூனைகளில் அது நிலைமையை மோசமாக்கலாம். எக்கோ பார்க்காமல் பூனைக்கு யாராவது எழுதியிருந்தால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

லாசிக்ஸ் தொடங்கியதிலிருந்து வீடு முழுக்க மூத்திரம். தண்ணீரைக் குறைக்கலாமா?

கூடவே கூடாது. சிறுநீர் அதிகமாகப் போவதால்தான் தாகம் எடுக்கிறது. தாகத்தினால் சிறுநீர் போகவில்லை. தண்ணீரை எடுத்து வைத்தால் உடல் வறண்டு, கிட்னி அடிவாங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அது ஒன்றிரண்டு நாளிலேயே நடந்துவிடும். வீட்டில் இரண்டு இடத்தில் தண்ணீர் வையுங்கள், மாடி வீடானால் மாடிக்கு ஒன்று.

மாற்ற வேண்டியது நேரத்தைத்தான். வாய்வழி லாசிக்ஸ் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். இரவு பத்து மணிக்குக் கொடுத்துவிட்டுப் படுத்தால் நாயும் தூங்காது, நீங்களும் தூங்க முடியாது. காலை 6, மாலை 6 என்று வைத்தால் இரவு 9 மணி நடையோடு பெரும்பகுதி இறங்கிவிடும். நாலாம் மாடி அடுக்ககத்தில் லிஃப்ட் வருவதற்குள் அடக்க முடியாத நாய்க்கு, பால்கனியில் ஒரு பழைய துணியோ டயப்பர் ஷீட்டோ விரித்துப் பழக்குங்கள். திட்டாதீர்கள், அதன் கையில் இல்லை.

ஒரு நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு, அல்லது சாப்பாடே தொடவில்லை என்றால் அடுத்த லாசிக்ஸைக் கொடுக்கும் முன் டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள். உள்ளே எதுவும் போகாமல் வெளியே மட்டும் போய்க்கொண்டிருக்கும் உடலில் அதே அளவைத் தொடர்வது ஆபத்து. ஆனால் நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து. மூச்சு எண்ணிக்கையைச் (எண்ணும் விதம் கீழே) சொல்லிக் கேட்டால் அவர் ஒரு நிமிடத்தில் முடிவு சொல்வார்.

லாசிக்ஸ் போதாமல், நீர் இறக்கும் இன்னொரு மருந்தான டார்சிமைடுக்கு மாற்றும்போது பழையதை நிறுத்துகிறோமா, இரண்டும் சேர்த்தா என்று தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாய்க்கு டார்சிமைடு, ஃபுரோசமைடைவிட 10 முதல் 20 மடங்கு வீரியம். மி.கி. கணக்கில் சிறிய எண்ணாகத் தெரியும், உடலில் அப்படி இருக்காது.

கால் மாத்திரை, அரை மாத்திரை என்று எழுதியிருக்கிறார்கள். சரியாக உடைப்பது எப்படி?

மெடிக்கல் ஷாப்பில் பிளேடு வைத்த பில் கட்டர் கேட்டால் கொடுப்பார்கள். சமையலறைக் கத்தியில் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று தூளாகவும் போகும். முதலில் பாதி, பிறகு பாதியை இரண்டாக. ஒரு மாத்திரையின் நாலு துண்டையும் முடித்துவிட்டே அடுத்த மாத்திரையை உடையுங்கள். துண்டுகள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் இரண்டு நாள் கணக்கில் மொத்தம் சரியாகிவிடும். ஒரு பட்டை முழுவதையும் ஒரேயடியாக உடைத்து டப்பாவில் போட்டு வைத்தால், சென்னையின் ஈரக் காற்றில் பத்து நாளில் துண்டுகள் இளகி உதிரும்.

கணக்கு ஓர் உதாரணம். ஃபுரோசமைடு 40 மி.கி. மாத்திரையில் கால் என்பது 10 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. என்றால் 5 கிலோ நாய்க்கு அது சரியாகப் பொருந்தும். அதே கால் துண்டு 3 கிலோ பூனைக்கு கிலோவுக்கு 3 மி.கி.க்கு மேல் போய்விடும். பூனைக்கு வழக்கமாக 1 முதல் 2 மி.கி.தான். அதனால்தான் பூனைக்கு அரைக்கால் என்று எழுதுவார்கள். அரைக்காலைக் கையால் உடைப்பது பெரும்பாலும் ஊகம். சொட்டு மருந்தோ, சரியான அளவில் தயாரித்துத் தரும் வழியோ உண்டா என்று கேளுங்கள்.

தண்ணீரில் கரைத்துப் பங்கு போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது: ஒரு மாத்திரையை 4 மி.லி. தண்ணீரில் கரைத்து, 1 மி.லி. எடுத்துக் கொடுப்பது. பார்க்கச் சாமர்த்தியமாக இருக்கும். ஃபுரோசமைடு தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் படியும். முதல் சிரிஞ்சில் வெறும் தண்ணீரும் கடைசி சிரிஞ்சில் மருந்தெல்லாமும் போகும். பிமோபென்டானையும் வீட்டில் கரைத்து வைக்கக் கூடாது.

பெயருக்குப் பின்னால் எக்ஸ்எல், எஸ்ஆர், ஈஆர், சிஆர் என்று எழுதியிருக்கும் மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. டாக்டர் சொல்லாமல் அவற்றை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. ஒரு நாள் முழுதும் கசிய வேண்டிய மருந்து அரை மணியில் இறங்கிவிடும்.

மனிதர்களுக்கான மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுக்கலாமா?

பிமோபென்டான் தவிர மற்றவற்றில் பல அதே மருந்துகள்தாம். டாக்டர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். தவறு நடப்பது கவுண்டரில். மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, கூட்டு மாத்திரை. குளோபிடோக்ரல் கேட்டால் ஆஸ்பிரின் சேர்த்த பட்டை வரலாம். பெயருக்குப் பின் ஒரு ‘ஏ’ ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் அடையாளம். ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினோடு, துடிப்பை மெதுவாக்கும் அட்டினோலால் சேர்ந்தது ‘ஏடி’ என்று வரும். ரத்த அழுத்த மாத்திரையோடு நீர் இறக்கும் மருந்து சேர்ந்தது ‘எச்’ என்று வரும். ஸ்பைரோனோலாக்டோனும் ஃபுரோசமைடும் ஒரே மாத்திரையில் 50-உம் 20-உமாகச் சேர்ந்து வருகின்றன. நாயின் எடைக்கு இரண்டில் ஒன்று பொருந்தும், இன்னொன்று பொருந்தாது. பட்டையைத் திருப்பி, உள்ளே என்னென்ன எத்தனை மி.கி. என்ற சிறிய எழுத்தைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டு, ஸ்டாக் இல்லை என்று வேறு அளவு கொடுப்பது. எனாலாப்ரில் 2.5-க்குப் பதில் 5 கிடைத்தால் ‘பாதியாகக் கொடுங்கள்’ என்று வாயால் சொல்வார்கள். வீட்டில் மாத்திரை கொடுப்பவர் வேறொருவர். அங்கேயே பட்டையின் மேல் பேனாவால் ‘பாதி’ என்று எழுதிக்கொள்ளுங்கள். டார்சிமைடில் 10-உம் 100-உம் உண்டு. ஒரு பூஜ்யம் ஓர் உயிர்.

மூன்று, ஒலி ஒத்த பெயர்கள். அம்லோடிபினும் அமியோடரோனும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். வேலை முற்றிலும் வேறு: முதலாவது ரத்த அழுத்தத்துக்கு, இரண்டாவது தாறுமாறான இதயத் துடிப்புக்கு. சீட்டைப் படிக்க முடியாவிட்டால் டாக்டரை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சிரப் வடிவில் வாங்கினால், சர்க்கரை இல்லாதது என்று போட்டிருந்தால் அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு அது விஷம்.

நாய் மாத்திரையைத் துப்பிவிடுகிறது. என்ன செய்ய?

மூன்று உருண்டை முறை. ஒரே மாதிரி மூன்று சிறு உருண்டை. முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுங்கள். அடுத்ததைப் பிடிக்கும் அவசரத்தில் மெல்லாமல் விழுங்கும். மாத்திரை தொட்ட விரலால் மற்ற உருண்டையைத் தொடாதீர்கள். கசப்பு வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

உருண்டைக்கு உப்பில்லாமல் வேகவைத்த சிக்கன், வெந்த முட்டையின் மஞ்சள் கரு, பனீர், மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் நன்றாக ஒட்டும். சைவ வீட்டில் ஆறிய இட்லியைப் பிசைந்தால் அருமையாக உருளும், அளவு சிறிதாக இருக்கட்டும். ஸ்லைஸ் சீஸ் வேண்டாம், உப்பு அதிகம். உலர்திராட்சை, சாக்லெட், வெங்காயம் போட்ட எதுவும் வேண்டாம். நெய்யில் புரட்டிக் கொடுப்பது தினசரிப் பழக்கமானால் கணையம் கெடும்.

கையால் கொடுக்க வேண்டி வந்தால்: ஒரு கையால் மேல் தாடையைக் கோரைப் பற்களுக்குப் பின்னால் பிடித்து, மூக்கைச் சற்றே மேலே தூக்குங்கள். இன்னொரு கையின் நடுவிரலால் கீழ்த்தாடையைத் திறந்து, மாத்திரையை நாக்கின் நடுவே, முடிந்தவரை பின்னால் வையுங்கள். ஓரத்தில் விழுந்தால் துப்பும். வாயை மூடி, தலையைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்து, மூக்கில் மெல்ல ஊதுங்கள். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் நாயிடம் இந்தப் பிடி வேண்டவே வேண்டாம்.

பூனைக்கு?

பூனை வேறு கதை. ஒரு தரம் கசப்பு தெரிந்துவிட்டால் அந்த உணவையே ஒரு வாரம் தொடாது. அதனால் தினமும் சாப்பிடும் முக்கியமான உணவில் மருந்தைக் கலக்காதீர்கள். மருந்தும் போகாது, சாப்பாடும் போகும்.

மேசை மேல் ஒரு துண்டை விரித்து, பூனையைக் கழுத்தோடு சுற்றிப் பொட்டலமாக்குங்கள். பின்பக்கம் உங்கள் வயிற்றில் ஒட்டியிருக்கட்டும். பின்னோக்கி நழுவத்தான் அது பார்க்கும். இடக்கையால் தலையின் மேலிருந்து கன்ன எலும்புகளைப் பிடித்து மூக்கை மேலே தூக்கினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். மாத்திரையை நாக்கின் அடிப்பகுதியில் போட்டு மூடிவிடுங்கள். பத்து நொடி வேலை. ஒரு நிமிடம் மல்லுக்கட்டினால் நிறுத்திவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். இதயப் பூனைக்குப் போராட்டமே ஒரு சுமை.

விழுங்கிய பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சால் 5 மி.லி. தண்ணீரைக் கன்னத்து ஓரமாக மெதுவாக விடுங்கள், அல்லது ஒரு ஸ்பூன் ஈர உணவு கொடுங்கள். பூனையின் உணவுக்குழாயில் வறண்ட மாத்திரை நிமிடக்கணக்கில் சிக்கி நிற்கும். டாக்ஸிசைக்ளின் மாதிரி சில மருந்துகள் அங்கேயே புண் உண்டாக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு அதுவும் சேர்ந்து ஓடும் வீடுகளில் இந்தத் தண்ணீர் தவறக் கூடாது.

குளோபிடோக்ரல் தனியாகச் சொல்ல வேண்டியது. பூனைக்கு நாளொன்றுக்கு 18.75 மி.கி., அதாவது 75 மி.கி. மாத்திரையில் கால். மேல்பூச்சு உடைந்ததும் கசப்பு பயங்கரமாக வெளியே வரும். பூனை வாயில் நுரை தள்ளும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று பயந்துவிடுவார்கள். கால் துண்டை 4 அல்லது 5 எண் காலி ஜெலட்டின் கேப்சூலுக்குள் போட்டு, மேலே ஒரு பொட்டு வெண்ணெய் தடவி வழுக்கிவிட்டால் பிரச்சினையே இல்லை. இத்தனை சிரமம் ஏன் என்றால்: ரத்தக் கட்டி வந்து பிழைத்த பூனைகளில் குளோபிடோக்ரலையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட 2015-ஆம் ஆண்டு ஆய்வில், அடுத்த கட்டி வருவதற்கான இடைவெளி ஆஸ்பிரினில் 192 நாள், குளோபிடோக்ரலில் 443 நாள்.

ஒரு வேளை மறந்துவிட்டது. கொடுத்தவுடன் வாந்தியும் எடுக்கிறது.

இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் அப்போதே கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, எந்த மருந்தானாலும். வாந்தியில் முழு மாத்திரை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே மறுபடி கொடுப்பதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். தெரியாவிட்டால் போய்விட்டதாக எண்ணிக் கொடுக்காதீர்கள்.

‘நீ கொடுத்தியா, நான் கொடுத்தேனா’ என்பதுதான் வீடுகளில் இரட்டை வேளை போவதற்கு முதல் காரணம். நாட்காட்டித் தாளில் டிக் போட்டால் போதும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளும் பேனாவும் எந்த ஆப்பையும்விட நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வேலைக்கு வரும் அக்காவும் அதைப் பார்ப்பார்.

மருந்து வேலை செய்கிறதா என்று வீட்டில் எப்படித் தெரியும்?

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். மார்பு ஏறி இறங்கினால் ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நாய், பூனை இரண்டுக்கும் 30-க்குக் கீழே இருக்க வேண்டும். வாரம் நாலைந்து நாள் எண்ணி அந்தத் தாளிலேயே எழுதினால் உங்கள் பிராணியின் வழக்கமான எண் எது என்று தெரிந்துவிடும். வழக்கமாக 18 இருப்பது இரண்டு நாளாக 27 என்றால், 30-ஐத் தாண்டாவிட்டாலும் அது செய்திதான். நுரையீரலில் நீர் சேருவதை இருமலுக்கும் முன்னால் இந்த எண் சொல்லிவிடும்.

எண்ணும்போது சென்னையில் வரும் குழப்பம் ஒன்று. வெயில் நேரத்தில் நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பது சூட்டைத் தணிக்க. அதை எண்ணக் கூடாது. ஃபேனோ ஏசியோ போட்டு, நன்றாக அசந்து தூங்கும் இரவில் எண்ணுங்கள். கனவில் கால் உதைக்கும்போதும் வேண்டாம். பூனை கர்ரென்று உறுமிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை பொய்.

30-ஐத் தாண்டினால் ஒரு மணி கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள். சில டாக்டர்கள் ‘அப்படி வந்தால் ஒரு வேளை லாசிக்ஸ் கூடுதலாகக் கொடுங்கள்’ என்று முன்பே எழுதித் தருவார்கள். எழுதித் தந்திருந்தால் மட்டும்.

இப்போது நன்றாக ஓடியாடுகிறது. மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா?

ஓடியாடுவது மருந்தால். வால்வு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. லாசிக்ஸை நிறுத்தினால் சில நாளிலேயே நீர் திரும்பலாம். அட்டினோலால் மாதிரி மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும், குறைப்பதென்றால் படிப்படியாகத்தான். ஊருக்குப் போகும்போது மாத்திரை முடிந்துபோவது பொங்கல், தீபாவளி நேரத்தில் சாதாரணம். தீபாவளி வெடிச் சத்தத்தில் ஏற்கெனவே இதயம் படபடக்கும் நாய்க்கு அந்த வாரம் மருந்து தவறவே கூடாது.

டிஜாக்சின் பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

நியாயமான பயம். தாறுமாறாக ஓடும் இதயத் துடிப்பை மெதுவாக்கத் தரும் இந்த மருந்தில், குணமாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. நாய்க்கு கிலோவுக்கு ஏறத்தாழ 0.003 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை. 20 கிலோ நாய்க்கு 0.06 மி.கி. மட்டுமே, அதாவது 0.25 மி.கி. மாத்திரையில் கால். முழு மாத்திரை கொடுத்துவிட்டால் நாலு மடங்கு. சாப்பாட்டை வெறுப்பது, வாந்தி, பேதி, சோர்வு இவை முதல் அறிகுறிகள். அதைக் கண்டால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். லாசிக்ஸால் பொட்டாசியம் குறைந்திருந்தால் அதே அளவே விஷமாகலாம். துடிப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்தான டில்டியாசம் சேர்ந்தாலும் ரத்தத்தில் டிஜாக்சின் அளவு ஏறும். தொடங்கி ஒரு வாரம் கழித்து, மாத்திரை கொடுத்த 6 முதல் 8 மணி நேரத்தில் ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். அன்று எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள், அது இல்லாமல் ரிப்போர்ட்டுக்குப் பொருளில்லை.

கால் வலிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை சேர்க்கலாமா?

கேட்காமல் ஒன்றும் சேர்க்காதீர்கள். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் வகை வலி மருந்தும், லாசிக்ஸும், எனாலாப்ரிலும் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது கிட்னிக்குப் போகும் ரத்தம் சுருங்கிவிடும். வயதான லாப்ரடாருக்கு மூட்டுவலிக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர் என்று இருக்கும்போது இது நடக்கிறது. இருவரிடமும் ஒரே தாளைக் காட்டுங்கள். சொறிக்குத் தரும் ஸ்டீராய்டு உடலில் நீரைப் பிடிக்கும். அதையும் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் பூனைக்கு ஒரே மாத்திரையில் உயிரைப் பறிக்கும். இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாய்க்கும் ஆகாது.

சாப்பாட்டில் என்ன பார்க்க வேண்டும்?

கருவாடு, அப்பளம், ஊறுகாய் எண்ணெய் தடவிய சோறு, சிப்ஸ், இவற்றை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. தினம் கொஞ்சம் கருவாட்டுத் தலை தின்னும் பூனைக்கு லாசிக்ஸை எவ்வளவு ஏற்றினாலும் நீர் வடியாது. உப்பை அடியோடு நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சாப்பிடாமல் மெலிவது உப்பைவிடக் கெடுதல். வெயிலுக்கு இளநீர் கொடுப்பவர்கள் கவனிக்க: அதில் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரோனோலாக்டோனும் எனாலாப்ரிலும் ஏற்கெனவே பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் மருந்துகள். தினசரி இளநீர் வேண்டாம், வெறும் தண்ணீரே போதும்.

எடையை வாரம் ஒருமுறை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைப் பலகையில் ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துக்கொள்ளலாம். முதுகெலும்பு தெரிய மெலிந்திருந்தால் பழைய எடைக்கு எழுதிய அளவு இப்போது அதிகம்.

மாத்திரையை எங்கே வைப்பது?

பட்டையில் ‘30 டிகிரிக்கு மிகாமல்’ என்று போட்டிருக்கும். கத்திரி வெயிலில் மேல்மாடி அறை அதைத் தாண்டிவிடும். அடுப்புக்குப் பக்கம், ஃப்ரிட்ஜின் மேல், ஜன்னல் ஓரம், காரின் டாஷ்போர்டு எல்லாம் வேண்டாம். வெயில் படாத உள்ளறை பீரோவின் கீழ்த்தட்டு நல்லது. ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் எடுக்கும்போதெல்லாம் வியர்த்து ஈரம் ஏறும். லாசிக்ஸ் வெளிச்சத்திலும் கெடும், பட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்காதீர்கள்.

கையில் எப்போதும் பத்து நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, கடையும் திறக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் ஒரு மாதத்துக்கு வாங்கி, சீட்டின் நகலோடு ஜிப் கவரில் போட்டு மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

நாய் பட்டையோடு தின்றுவிட்டது. அல்லது தாத்தாவின் மாத்திரையை.

பிமோபென்டான் மாத்திரை இறைச்சி வாசனையோடு இருக்கும். பிஸ்கட் என்று நினைத்துப் பட்டையையே கடித்துவிடும். தாத்தாவின் அம்லோடிபின், மெட்டோபுரோலால், டில்டியாசம் இன்னும் ஆபத்து. சிறிய நாய்க்கு ஒன்றிரண்டே போதும், ரத்த அழுத்தம் சரிந்துவிடும். எத்தனை காணவில்லை, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, காலிப் பட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் வேண்டாம். உப்பே அதற்கு இன்னொரு விஷம். ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று காத்திருக்காதீர்கள். மெதுவாகக் கரையும் வகை பல மணி நேரம் கழித்துத்தான் அடிக்கும்.

ரத்தப் பரிசோதனை அடிக்கடி எதற்கு?

லாசிக்ஸோ எனாலாப்ரிலோ தொடங்குவதற்கு முன்பும், தொடங்கி அல்லது அளவை மாற்றி ஒன்றிரண்டு வாரத்திலும் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், யூரியா, கூடவே பொட்டாசியம் பார்க்க வேண்டும். பிறகு நிலைமை சீராக இருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கிரியாட்டினின் லேசாக ஏறுவதைப் பார்த்துப் பதறி மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. சிறிதளவு ஏற்றத்தை டாக்டர் தெரிந்தே விடுவார். நுரையீரலை வறட்சியாக வைத்திருப்பதற்கு கிட்னி கொடுக்கும் விலை அது. எவ்வளவு ஏறினால் கவலை என்பதை அவரிடமே கேட்டு வையுங்கள்.

ராத்திரியே ஓட வேண்டிய அறிகுறிகள் எவை?

பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால், வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். நாய் படுக்க முடியாமல் கழுத்தை நீட்டி, முழங்கையை அகட்டி உட்கார்ந்திருந்தால், ஈறு நீலமோ சாம்பல் நிறமோ ஆனால், படுத்திருக்கும்போதே மூச்சு 40-ஐத் தாண்டினால், மயங்கி விழுந்தால் கிளம்புங்கள். பூனை திடீரென அலறி, பின்கால்களை இழுத்துக்கொண்டு, அந்தப் பாதங்கள் ஜில்லென்று வெளிறியிருந்தால் அது அடிபட்டதல்ல, ரத்தக் கட்டி. கால்களைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம்.

போகும் வழியில் வாயில் மாத்திரையோ தண்ணீரோ திணிக்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மார்பை இறுக்கிப் பிடித்துத் தூக்காதீர்கள், அதுவாக எந்த நிலையில் உட்காருகிறதோ அப்படியே விடுங்கள். மே மாதமானால் ஆட்டோவைவிட ஏசி போட்ட கார். கிளினிக்குக்கு முன்பே ஃபோன் செய்து ‘இதய நோயாளி, மூச்சுத் திணறல், ஆக்சிஜன் இருக்கிறதா’ என்று கேளுங்கள். இல்லை என்றால் இருக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளைக் கிழித்துக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எத்தனை மி.கி., கடைசியாக எப்போது என்று இரவுப் பணி டாக்டர் கேட்கும் முதல் மூன்று கேள்விக்கும் பதில் அதில் இருக்கிறது.